போகவிட்ட பஸ்

மூன்றாம் நாள் காலை, பத்தாவது கிலோமீட்டரில், கண்ணாடிக்கடைக்காரரின் வலது ஷூவுக்குள் மழைத்தண்ணீர் புகுந்தது. இடது ஷூவில் அது ஏற்கெனவே குடியேறியிருந்தது.

"மச்சான், கொஞ்சம் நிறுத்துங்க."

முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த மச்சான் காலை ஊன்றினார். அவர் கண்ணாடிக்கடைக்காரருடைய மனைவியின் அண்ணன். முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, போன மாதம்தான் ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க மேலும் கீழுமாகவே போய் வந்த மனுஷர், இப்போது நெடுக்கே புறப்பட்டிருந்தார். மூன்று நாளில், சைக்கிளிலேயே, கடற்கரை வரைக்கும்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது. வீட்டுக்கும் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் இரண்டு தெரு தூரம். அதற்கே ஸ்கூட்டர் எடுப்பவர் அவர். ஆனால் மனைவி சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ரகசியமாகச் சொல்லியிருந்தாள்:

"ரிட்டயர் ஆனதுல இருந்து அண்ணன் ஒடுங்கிப் போயிட்டாருங்க. இந்தப் பயணத்துலதான் மனசை வெச்சிருக்கார். நீங்க துணைக்குப் போங்க. பாதியில விட்டா மனுஷன் உடைஞ்சே போயிடுவாரு. நான் சொன்னதா மட்டும் காட்டிக்காதீங்க."

முதல் இரண்டு நாள் வெயில் அடித்தது. சமாளித்துவிட்டார். மிச்சமிருந்த எண்பத்து நாலு கிலோமீட்டருக்குத்தான் வானம் பொத்துக்கொண்டது.

"ஷூதானே மாப்ளே? ரெண்டே நிமிஷம்" என்றார் மச்சான். பையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் பைகளை எடுத்து, மாப்பிள்ளையின் கால்களில் மாட்டி, கணுக்காலில் ரப்பர் பேண்ட் போட்டார்.

கால்மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு, முழங்காலில் வழிந்த தண்ணீர் மேல்வழியாகப் பைக்குள் இறங்கியது. வெளியேற வழியில்லை. ஒவ்வொரு மிதிக்கும் காலுக்கொரு மீன்தொட்டியைத் தூக்கி வைப்பது போலிருந்தது.

"அடியில ஒரு ஓட்டை போட்டுட்டா சரியாயிடும்" என்றார் மச்சான். போட்டார். ஓட்டை கிழிசலானது. கிழிசல் செயினில் மாட்டியது. செயின் பையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு போய் மட்கார்டில் திணித்தது. பின்சக்கரம் நின்றுவிட்டது. கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் கொஞ்ச தூரம் போனார்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல மச்சான். சேறு மெத்துனுதான் இருந்துச்சு."

வளைந்த மட்கார்டை நிமிர்த்த முடியவில்லை. மச்சான் அதைக் கழற்றினார். ஒரு சைக்கிளில் இருக்க, இன்னொன்றில் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்று தன்னுடையதையும் கழற்றினார். அதன்பிறகு அவர் சக்கரம் அள்ளி வீசிய சேறெல்லாம் பின்னால் வந்தவரின் மூக்குக்கண்ணாடியில்தான் விழுந்தது. ஊருக்கே பார்வை கொடுத்தவருக்கு உலகம் பழுப்பாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றினால் அதுவும் தெரியவில்லை.

"என் பின்விளக்கைப் பாத்துக்கிட்டே வாங்க" என்றார் மச்சான்.

அவரும் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே போனார். அது திரும்பியது, திரும்பினார். நின்றது, நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால், ஒரு மரக்கிடங்கின் முற்றத்தில் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். காவலாளி ரசீது கேட்டார்.

மூன்று கிலோமீட்டர் திரும்பி வந்தபோது, மச்சான் ஒரு பஸ் நிறுத்தத்தின் கூரையடியில் நடுங்கியபடி காத்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் தன்னிடம் மிச்சமிருந்த ஒரே உலர்ந்த துண்டை எடுத்து அவர் தோளில் போர்த்தினார். மூன்று நாளில் முதல் தடவையாக அவருக்கு மச்சான்மேல் பாசம் பொங்கியது.

மச்சான், "நேரமாகும்னு தங்கப் போற இடத்துக்குச் சொல்லிடறேன்" என்று போனோடு அந்த மூலைக்குப் போனார். கண்ணாடிக்கடைக்காரர் இந்த மூலையிலிருந்து மனைவியை அழைத்தார்.

"இங்க பேய்மழை. வந்துடலாமான்னு..."

"அய்யய்யோ, வேணாங்க. அண்ணன் முகத்தை நினைச்சுப் பாருங்க. வீட்டுல ஒரு பிரச்னையும் இல்ல, அண்ணியும் இங்கதான் இருக்காங்க. நீங்க மெதுவாவே வாங்க."

பின்னால் அண்ணி எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

அவர் போனை வைத்தபோது பஸ் வந்து நின்றது. முக்கால்வாசி காலி. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"சைக்கிளைப் பின்னாடி கட்டிக்கலாம். நாப்பது நிமிஷத்துல கடற்கரை. ஏறுறீங்களா?"

உள்ளே ஒருவர் காலுறைகூட நனையாமல் தூங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ளே, உங்க இஷ்டம்" என்றார் மச்சான்.

"உங்க இஷ்டம்தான் மச்சான்."

"எனக்கொண்ணுமில்ல. நீங்க சொன்னா சரி."

கண்ணாடிக்கடைக்காரர் மச்சானின் முகத்தைப் பார்த்தார். அது கல்லு மாதிரி இருந்தது. 'என்ன பிடிவாதம்' என்று நினைத்துக்கொண்டார். பல்லைக் கடித்தார்.

"மிதிப்போம் மச்சான்."

மச்சான் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "அதானே" என்றார். பஸ் வளைவில் மறையும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எதிர்க்காற்று. இறக்கத்தில்கூட மிதித்துத்தான் இறங்க வேண்டியிருந்தது. கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டரில் மச்சானின் பின்டயர் பஞ்சர். ஈர ட்யூபில் ஒட்டு நிற்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் தன் சட்டையைத் தூக்கி, ட்யூபை வெறும் வயிற்றோடு அணைத்துச் சூடாக்கினார். ஒட்டு அரைகுறையாகப் பிடித்தது. ஆயிரம் அடிக்கு ஒருமுறை இறங்கிக் காற்றடித்தார்கள். ஒருவர் பிடித்தார், ஒருவர் அடித்தார். விட்டுவிடலாம் என்று தோன்றிய ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்கடைக்காரர் முன்னால் போன அந்தக் குனிந்த முதுகைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் மிதித்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கடல் தெரிந்தது. அதுவும் சேற்று நிறத்தில்தான் இருந்தது.

"வந்துட்டோம் மாப்ளே" என்றார் மச்சான். குரல் உடைந்திருந்தது. ஒரு மனுஷனை மீட்டுக் கொண்டுவந்து கரைசேர்த்த பெருமை கண்ணாடிக்கடைக்காரரின் நெஞ்சை நிறைத்தது.

தங்கும் விடுதியில் மச்சான் நேராகக் குளிக்கப் போய்விட்டார். கண்ணாடிக்கடைக்காரர் வரவேற்பு மேசையருகே, தன்னைச் சுற்றி ஒரு குளம் உருவாக, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். விடுதிக்கார அம்மாள் உலர்ந்த துண்டோடு வந்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"பெரிய சாதனைங்க. கெட்டிக்காரர் நீங்க."

"எல்லாம் எங்க மச்சானுக்காகத்தாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அம்மாள் குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மத்தியானம் அவருதான் போன்ல சொன்னாரு, 'நானா இருந்தா எப்பவோ பஸ் ஏறியிருப்பேம்மா, மாப்பிள்ளைதான் கொஞ்ச நாளா ஒடுங்கிப் போயிருக்காராம், பாதியில விட்டா உடைஞ்சே போயிடுவாருன்னு என் தங்கச்சி சொல்லி அனுப்பியிருக்கா, வந்தவுடனே நாலு வார்த்தை பாராட்டிடுங்க'ன்னு."