கண்ணாடிக் கடையில் சிபாரிசு செய்யப்படும்

அன்பிலும் மரியாதையிலும் ஒரு குறையும் இல்லாத மாப்பிள்ளை அவர்களுக்கு,

கண்ணாடிக் கடை மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீங்களும் என் தங்கையும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உங்கள் கடிதத்தைப் பார்த்தால் வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் நன்றாக இல்லை என்று தெரிகிறது. ‘மச்சான்’ என்று எழுதிய இடத்தில் பேனா தாளையே கிழித்திருக்கிறது. பரவாயில்லை, கோபத்தில் எழுதினால் எல்லாருக்கும் கை அழுந்தத்தான் செய்யும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் குடிநீர் அலுவலகத்தில் புதிதாக ஆள் எடுக்க நேர்காணல் நடந்ததாகவும், வந்தவர்களில் பாதிப் பேர் ஆளுக்கொரு கதைப் புத்தகத்தை உங்கள் மேசைமேல் வைத்து “கண்ணாடிக் கடை ஐயா சிபாரிசு” என்று சொல்லிப் பல்லைக் காட்டியதாகவும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் மேலதிகாரி புத்தகங்களை எல்லாம் பறிமுதல் செய்து தன் அறையில் வைத்துக்கொண்டு, ‘மச்சானை வாசலில் உட்கார வைத்து ஆள் பிடிக்கிறீர்களா?’ என்று எழுத்தில் விளக்கம் கேட்டிருப்பதாகவும், திங்கட்கிழமைக்குள் ஒழுங்கான பதில் போகாவிட்டால் உங்கள் வேலைக்கே உலை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கவலையை விடுங்கள். இந்தக் கடிதம்தான் அந்தப் பதில். ஒரு வரி விடாமல் இப்படியே மேலதிகாரியிடம் கொடுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். நீங்கள் பச்சைத் தண்ணீரைக்கூட அடுத்தவரிடம் சும்மா வாங்கிக் குடிக்காத மனிதர். குடிநீர் அலுவலகத்தில் இருந்துகொண்டு அப்படி இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் மூல காரணம் வாசிப்புக் கண்ணாடி. நாற்பது தாண்டியவர்கள் செய்தித்தாளைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் கை நீளாது என்று ஆனதும் என்னிடம் வருகிறார்கள். நான் சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று கேட்டு, கடைசியில் சரியான பவரைக் கண்டுபிடிக்கிறேன். “ஆகா, பளிச்சுன்னு தெரியுது!” என்று குழந்தை மாதிரி சிரிக்கிறார்கள். எனக்கும் மனசு நிறைந்துவிடும். அப்புறம் அந்தக் கண்ணாடியை வைத்து என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தேன் மாப்பிள்ளை. மின்கட்டண ரசீது. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி. கைபேசியில் சொந்தக்காரர்கள் அனுப்பும் காலை வணக்கம். இதற்கா நான் இவ்வளவு பாடுபட்டேன்? எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அதனால்தான் கண் சோதிக்கிற எழுத்துப் பலகைக்குக் கீழே ஒரு அலமாரி வைத்து என் புத்தகங்களைக் கொண்டுவந்து அடுக்கினேன். மாயக் கதை, அறிவியல் கதை இரண்டே வகைதான். குடும்பக் கதை எதற்கு? அது எல்லார் வீட்டிலும் இலவசமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எழுத்துப் பலகையின் கடைசி வரியையும் எடுத்துவிட்டு ‘உப்புக் கடல் டிராகன்’ புத்தகத்தின் முதல் வரியை ஒட்டினேன்: ‘அன்று காலை டிராகனுக்குச் சளி பிடித்தது.’ அதைப் படித்தவர் எவரும் அதோடு எழுந்து போனதில்லை. “அப்புறம் நெருப்பு எப்படிக் கக்கும்?” என்று கேட்பார்கள். கேட்டால் தொலைந்தார்கள், புத்தகம் கைக்குப் போய்விடும்.

இதை ஊரறியச் செய்யலாம் என்று வெளியே ஒரு பலகை மாட்ட நினைத்தேன். ‘நல்ல மாயக் கதை, அறிவியல் கதைப் புத்தகங்கள் சிபாரிசு செய்யப்படும்’ என்று எழுதச் சொன்னேன். பலகை எழுதுகிறவர் நல்ல கலைஞர், ஆனால் இடம் பார்த்து எழுதுகிறவர் இல்லை. ‘சிபாரிசு செய்யப்படும்’ என்பதை முதலில் பிரமாதமாக, நிழல் எல்லாம் போட்டு, தெருக்கோடியிலிருந்து தெரிகிற மாதிரி எழுதிவிட்டார். மீதியை எழுத இடம் இல்லை. கீழே ஓரமாக எறும்பு போகிற அளவில் ‘கதைப் புத்தகங்களுக்கு மட்டும்’ என்று போட்டார். “அதான் போட்டாச்சுல்ல சார்” என்றார். போட்டதுதான். ஆனால் மாப்பிள்ளை, கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களுக்குப் பொடி எழுத்து தெரியாது என்பதால்தானே அவர்கள் கண்ணாடிக் கடைக்கு வருகிறார்கள்! அது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சிபாரிசு என்று கேட்டு முதலில் வந்தவர் ஒரு லாரி டிரைவர். கையில் ஒரு பை ஆப்பிள்.

“ஐயா, போர்டு பாத்தேன். நம்ம பையன் படிச்சு முடிச்சிட்டு வீட்டுல சும்மா இருக்கான். நீங்க பாத்து ஒண்ணு சொன்னீங்கன்னா நல்லாயிருக்கும்” என்றார்.

பிள்ளைக்குப் புத்தகம் கேட்டு ஒரு அப்பா வருகிறார் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? “பையனுக்கு எதுல விருப்பம்? தரையிலயா, கடல்லயா, விண்வெளியிலயா?” என்று கேட்டேன்.

அவர் ஆப்பிள் பையை என் மேசைமேல் வைத்தார். “விண்வெளி வரைக்கும் ஐயாவுக்கு ஆள் இருக்கா?”

“அதுலதான் எனக்குப் பழக்கமே அதிகம்.”

“எங்க போட்டாலும் போவான் ஐயா. உள்ளூரா இருந்தா அவங்க அம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதி.”

“உள்ளூர்ல என்ன சுவாரஸ்யம் இருக்கு? முதல்ல சின்னதா ஒண்ணுல நுழையட்டும். பழகிட்டா தானா பெரிசுக்குப் போயிடுவான். அப்புறம் நீங்களே கூப்பிட்டாலும் வெளிய வரமாட்டான்.”

“நிரந்தரம்னு சொல்றீங்க.”

“ஆயுசுக்கும்!”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்க பக்கம் என்ன செய்யணும் ஐயா? சொல்லுங்க, செஞ்சிடலாம்” என்றார். “ஒண்ணும் வேண்டாம். அட்டையை மடக்காம, எச்சில் தொட்டுத் திருப்பாம இருந்தா போதும்” என்று சொல்லி ‘மூன்று வாசல் கோட்டை’ முதல் பாகத்தைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “இதை அங்க உங்க மாப்பிள்ளைகிட்ட காட்டணுமா?” என்று கேட்டார். என் மாப்பிள்ளை யார் என்பது தெருவுக்கே தெரிந்ததுதான், அதனால் நான் சந்தேகப்படவில்லை. என் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து நீங்கள் கோப்பைத் தவிர எதையும் புரட்டியதில்லை என்பது என் நெஞ்சில் இருக்கிற குறை. “தாராளமா காட்டுங்க! உங்க கையில பாத்தாவது அவர் தொடட்டும்” என்றேன். மாப்பிள்ளை, இதில் எங்காவது ஒரு வார்த்தை பொய் இருக்கிறதா?

அடுத்த நாளிலிருந்து கூட்டம். ஒருவர் தங்கைக்கு, ஒருவர் மருமகனுக்கு. இவ்வளவு வாசகர்கள் இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தார்கள் என்று நான் பூரித்துப் போனேன். உங்கள் அக்கா மட்டும் ஆப்பிள் நறுக்கிக்கொண்டே, “நீங்க சொல்லி இந்த வீட்டுல பூனைகூடப் புத்தகம் படிச்சதில்லை. வரவங்க எல்லாரும் ஏன் சான்றிதழைக் கையோட கொண்டு வராங்க?” என்று கேட்டாள். வயதைப் பார்த்துப் புத்தகம் கொடுக்க வசதியாக இருக்கும் என்று கொண்டுவருகிறார்கள் என்றேன். ஆப்பிள் சாப்பிட்டது உண்மை. அதை மறைக்கமாட்டேன்.

புத்தகங்களின் முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் ‘எனக்கு மிகவும் வேண்டியது. நல்லபடியாகக் கவனித்துக்கொள்ளவும்’ என்று எழுதியிருப்பதைத்தான் மேலதிகாரி பெரிய ஆதாரமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாராம். மாப்பிள்ளை, வேண்டியது என்றுதான் எழுதியிருக்கிறேன், வேண்டியவர் என்று எழுதவில்லை. கவனிக்கச் சொன்னது புத்தகத்தை. இரவல் போன புத்தகம் குழம்புக் கறையோடு திரும்பி வந்த வேதனை தெரிந்தவர்களுக்கு அந்த வரி புரியும்.

வந்தவர்களில் ஒரே ஒருவர்தான் பலகையைச் சரியாகப் படித்தவர். எதிர் வரிசையில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று கண்ணாடி வாங்கினார். மாட்டிக்கொண்டு வெளியே போனவர் திரும்பி வந்து, “புத்தகத்துக்கு மட்டும்னு போட்டிருக்கே, நானும் எடுத்துக்கலாமா?” என்று கேட்டார். லாரி டிரைவருக்கு முன்பே கோட்டையின் முதல் பாகத்தை வாங்கிப் போனவர் அவர்தான். ரெண்டே நாளில் திரும்பி வந்து என்னோடு சண்டை. “முதல் வாசல்ல போனவன் நேத்துக்கு வந்துடறான், சரி. நேத்து ஏற்கெனவே அங்க ஒருத்தன் இருப்பானே? வீட்டுல ரெண்டு பேருக்கும் யார் சோறு போடுவா? அந்தப் பொண்டாட்டி ஒரு வார்த்தைகூடக் கேக்கலையே!” என்றார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் இருக்கிறதே, கடை திறந்த நாளில்கூட அப்படி இல்லை. பதில் இரண்டாம் பாகத்தில் இருக்கிறது என்று சொல்லி அதையும் கொடுத்தனுப்பினேன்.

இப்போது உங்களைப் பயமுறுத்திய அந்தக் கேள்விக்கு வருகிறேன். மேலதிகாரி உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, “மூணாவது வாசல்ல போனவன் என்ன ஆனான்?” என்று கேட்டதாகவும், நீங்கள் வியர்த்துப்போய், “சார், அது எந்த ஃபைல்ல இருக்கு?” என்று கேட்டதாகவும் தங்கை போனில் சொன்னாள். அது உங்களைச் சிக்க வைக்கிற கேள்வி இல்லை மாப்பிள்ளை. முதல் பாகம் அந்த இடத்தில்தான் முடிகிறது. மனுஷன் ஆதாரத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்! மதிய நேரத்தில் அவர் அறை பூட்டியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஆகவே மேலதிகாரி அவர்களுக்கு நேரடியாக ஒரு வார்த்தை. ஐயா, கோட்டையை முடித்த கையோடு பறிமுதல் குவியலில் ‘நிலாவுக்கு நிலா தபால்’ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிலாவிலிருந்து எழுதிய கடிதம் அடுத்த நிலாவுக்குப் போய்ச் சேருவதற்குள் எழுதியவர் கிழவராகிவிடுவார். ஆனாலும் தபால்காரர் ஒருவர் விடாமல் கொண்டுபோகிறார். எழுத்தில் விளக்கம் கேட்கிற வழக்கமுள்ள உங்களுக்கு மிகவும் பிடிக்கும். டிராகனை மட்டும் அலுவலகத்தில் படிக்காதீர்கள், வாய்விட்டுச் சிரித்து மாட்டிக்கொள்வீர்கள். படிக்கும்போது புத்தகத்தைத் தள்ளிப் பிடிக்கிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். ஒருநாள் கடைப் பக்கம் வாருங்கள்.

மாப்பிள்ளை, இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். நாள் முழுக்க ஒரு கை தூரத்தில் இருப்பதைத் தெளிவாகக் காட்டுகிற வேலை எனக்கு. அதைத் தாண்டிப் பார்க்க என்னிடம் வில்லை இல்லை, இந்தப் புத்தகங்கள்தான் இருக்கின்றன. நான் ரசித்ததை இன்னொருவர் ரசித்தார் என்றால் அன்றைக்கு எனக்குப் பசிக்கிறதே இல்லை. அவ்வளவுதான் என் குற்றம். ஆனால் அதற்காக உங்கள் நல்ல பெயரில் ஒரு பொட்டு அழுக்கு விழுவதை என்னால் தாங்க முடியாது. ஆகையால் பலகையைக் கழற்றிவிட்டேன். என் வாழ்நாளில் இதுவரை எந்த மனிதருக்கும், எந்த வேலைக்கும், எவரிடமும் நான் சிபாரிசு செய்ததில்லை. இனியும் செய்யமாட்டேன். இந்த வரியின்கீழ் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன், மேலதிகாரி கவனிக்கட்டும்.

தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகளின் கண்களைத் தொலைக்காட்சிக்கு மிக அருகில் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பதவியிலும் உடம்பிலும் ஒரு குறையும் இல்லாமல், பார்வை மங்காமல், நூறு வயது வரை பொடி எழுத்தையும் படிக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
கண்ணாடிக் கடை மச்சான்
(கையெழுத்து)

பின்குறிப்பு: தாள் தீர்ந்துவிட்டதால் இதைக் கடைசிப் பக்கத்தின் பின்புறம் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நேரில் கொண்டுவந்து உங்களிடம் தருகிறவர் நான் மேலே சொன்ன அதே தையல் கடை அம்மாதான். கடை இருக்கிற இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. உங்கள் நீரேற்று நிலையத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை ஒன்று காலியாக இருப்பதாகத் தங்கை சொன்னாள். அதை இவருக்குப் பார்த்துக் கொடுங்கள், இவர் அடுத்துப் படிக்க வேண்டிய மூன்றாம் பாகம் கொஞ்சம் தடிமன். எனக்கு மிகவும் வேண்டியவர். மேலதிகாரி தேடுகிற இரண்டாம் பாகம் இவர் பையில்தான் இருக்கிறது. வேலை உத்தரவு கைக்கு வந்த பிறகு கொடுத்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துவிட்டுக் கடிதத்தைக் காட்டுங்கள் என்று எழுத வந்தேன். இப்போதுதான் திருப்பிப் பார்த்தேன், கோடு போட்ட வரியும் என் கையெழுத்தும் சரியாக இதற்குப் பின்னால்தான் இருக்கின்றன. அதனால் கிழிக்க வேண்டாம் மாப்பிள்ளை, அப்படியே காட்டிவிடுங்கள். இதைப் பொடி எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன், அவர் இன்னும் கண்ணாடி வாங்கவில்லை.