ஏரிக்கு அந்தப் பக்கத்து மின்மினி

பீங்கானால் விருத்தாசலத்துக்குக் கிடைத்த புகழையெல்லாம் ஒரு பூச்சியால் தூக்கிச் சாப்பிட்டவர் உயிரியல் பேராசிரியர் கொளஞ்சியப்பன். ஆதாரமில்லாமல் அவர் வாயிலிருந்து கொட்டாவிகூட வராது.

அவர் ஊர் ஏரிக்கு இந்தக் கரையில் ஊர், அந்தக் கரையில் காலனி. ஊர் மின்மினி 'கௌரவமாக' மின்னுகிறது, காலனி மின்மினி படபடக்கிறது, ஆகவே இரண்டும் வேறு இனம் என்பது ஊர்ப் பெரியவர்களின் தீர்ப்பு. பேராசிரியர் விடவில்லை. இரு கரைப் பூச்சிகளின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவையும் ஒப்பிட்டார். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு இறங்கும் சமாச்சாரம் அது. இரண்டும் ஒரே தாய்வழி, ஒரே இனம் என்று கட்டுரை எழுதினார். உதவிக்கு இருந்தவள் மகள் தமிழினி.

"ரெண்டும் ஒண்ணுன்னு தெரிஞ்சிபோச்சே, இன்னும் ஏம்பா தனித்தனி டப்பா?"

"அது ஆராய்ச்சி ஒழுங்கும்மா. காலனி டப்பாவ ஃப்ரிட்ஜுல கீழ்த்தட்டுல வை."

பாராட்டு விழாவில் பிளெக்ஸ், சால்வை, நினைவுப் பரிசாக ஒரு பீங்கான் மின்மினி. "இயற்கை ஏரிக்கு நடுவுல கோடு போடல, நாமதான் போட்டோம்!" என்று பேராசிரியர் முழங்கினார். தமிழினி கண் கலங்கக் கைதட்டினாள். வருஷக்கணக்கில் இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள், பாவம்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள்.

"அப்பா, இந்த மின்மினிய செஞ்சது மாயவன். காலனிக்காரரு. நாங்க கல்யாணம் பண்ணிக்கப்போறோம்."

மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்த மின்மினியைப் பேராசிரியர் தரையில் இறக்கினார்.

"பூச்சி வேற, நாம வேற."

"நீங்கதானேப்பா மேடையில சொன்னீங்க?"

ஆதாரம் தேடி அவர் சற்று யோசித்தார். "மைட்டோகாண்ட்ரியா அம்மா வழியத்தான் காட்டும். அப்பன் வழி பாக்காம இனத்த முடிவு பண்ணது என் தப்பு."

"அப்ப பெத்தவ கணக்குலயே இல்லியா?" என்றாள் அடுப்படியிலிருந்து மனைவி செல்வநாயகி. 

கட்டுரையை அவர் வாபஸ் வாங்கினார். தமிழினி மாயவனோடு ரயிலேறி, பதிவுத் திருமணம் செய்துகொண்டாள்.

பேராசிரியர் அதே பிளெக்ஸ் கடைக்குப் போனார். கடைக்காரர் திலீபன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"மாடல் ரெடியா இருக்குது சார். அடிக்கடி போவுது. படமும் தேதியும் குடுங்க."

விழா பிளெக்ஸ் நின்ற இடத்தில் இப்போது 'கண்ணீர் அஞ்சலி' நிற்கிறது. மறைவு என்ற இடத்தில் அவள் கல்யாணத் தேதி. பூச்சி செத்துவிட்டதா என்பதையே பலமுறை பார்த்து உறுதிசெய்யும் உயிரியல் பேராசிரியர், இதற்கு ஆதாரம் தேடவில்லை. படத்துக்கும் ரொம்ப மெனக்கெடவில்லை. விழாவில் எடுத்ததையே கொடுத்துவிட்டார்.

அதில் அவள் அப்பாவுக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறாள்.