செம்மறி ஆட்டுக்குச் சோப்புப் போட்டவர்

எரிந்த மோட்டாரைச் சரிசெய்வதைவிட, அது ஏன் எரிந்தது என்று கண்டுபிடிப்பதையே பிழைப்பாக வைத்திருந்த மனிதர் திண்டிவனத்தில் ஒருவர்தான் இருந்தார். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவர் என்பதால் ஊருக்கே அவர் வைண்டிங் அண்ணன். மற்ற கடைகளில் ரிப்பேர் நடக்கும். இவர் கடையில் விசாரணைக் கமிஷன் நடக்கும். தண்ணீர் இல்லாமல் மல்லாட்டைப் பயிர் வாடுகிறது என்று பதறிய ஓமந்தூர்க்காரரிடம், “காரணம் தெரியாம எடுத்துக்கினு போனா மறுபடி எரியும், குந்து” என்று டீ வாங்கிக் கொடுத்தார். மூன்று டீ ஆனது.

நான் அவரிடம் கொண்டுபோனது ஸ்வெட்டர்.

மகளின் பிரசவத்துக்காக என் மனைவி கனடா போயிருந்தாள். கல்யாணமான புதிதில் அவள் எனக்குப் பின்னிய கம்பளி ஸ்வெட்டர் அது. இந்த ஊர் வெயிலுக்கு இதுவா என்று இருபத்தைந்து வருடம் கேலி செய்து பீரோவில் வைத்திருந்தேன். அவள் விமானம் ஏறிய மறுவாரம், சித்திரை மாதத்தில், ஃபேனை ஐந்தில் வைத்து அதைப் போட்டுக்கொண்டு தூங்க ஆரம்பித்தேன். ஒரு மாத வியர்வையில் அது நாறத் தொடங்கியதும் வாஷிங் மெஷினில் போட்டு வெந்நீர் பட்டனை அழுத்தினேன். வெளியே வந்தது பேரனுக்குச் சரியாக இருக்கும். பேரன்தான் இன்னும் பிறக்கவில்லை.

அன்று சாயங்காலமே வீடியோவில் வந்தாள். “இங்க இன்னும் குளுருதுங்க. அடுத்த வாரம் வரப்ப அந்த ஸ்வெட்டர எடுத்துக்கினு வாங்க. பத்திரமா இருக்கில்ல?”

“பீரோவுல தூங்குது” என்றேன்.

மறுநாள் அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஓர் இழையைப் பிய்த்து விரலிடுக்கில் இப்படியும் அப்படியும் இழுத்தார்.

“ஒரு பக்கம் வழுக்குது, எதிர்ப்பக்கம் புடிக்குது. புல்லுக் கதிர சட்டக் கைக்குள்ள வுட்டா ஏறிக்கினே போவும், எறங்காது இல்ல? அந்த மாதிரி செதிலு. வெந்நீர்ல சோப்பு போட்டு உருட்டினா ஒன்னுக்குள்ள ஒன்னு ஏறி மாட்டிக்கும்.”

பழையபடி நீட்டலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

“தம்பி, ஆடு மழையில நனையுதே. அது ஏன் சுருங்கல?”

ஷட்டர் இறங்கியது. அண்ணன் ஸ்கூட்டரின் பின் சீட்டில் நான், என் மடியில் வெந்நீர் ஃபிளாஸ்க், சட்டைப்பையில் சோப்பு. கிளியனூர் பக்கம் அறுவடையான வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். அண்ணன் ஒரு செம்மறியைப் பிடித்து முதுகில் சோப்புத் தேய்த்தார்.

“யோவ், இன்னாய்யா பண்ற?” என்றார் ஆட்டுக்காரர்.

“சுருங்குதான்னு பாக்கறேன்.”

“இதுல ஏதுய்யா கம்பளி? நம்மூரு ஆட்டுக்கு வெறும் முடிதான். கம்பளிக்கு ஊட்டிப் பக்கம் போ.”

அண்ணன் அசரவில்லை. முடியைக் கோதிக்கொண்டே இருந்தார். “கம்பளி ஆடானாலும் இதே கததான் தம்பி. ஒவ்வொரு முடியும் தோல்ல வேர் புடிச்சி, ஒரே பக்கமா பாத்துக்கினு கீது. எண்ணெய்ப் பசை வேற. எடத்தவுட்டு நகராது, அதான் மாட்டல. கத்தரிச்சி நூலாக்கினா தலமாடு கால்மாடு தெரியாம கெடக்கும். அப்ப பக்கத்துல கீறதப் புடிச்சிக்கும். புடிச்சா வுடாது.”

“பிரிக்க முடியாதா?”

“முடியாது.”

அந்த நேரம் பார்த்து மனைவியின் வீடியோ அழைப்பு. “பின்னால இன்னாங்க, ஆடா?” நான் கேமராவை வானத்துப் பக்கம் திருப்பினேன். அண்ணன் போனைப் பிடுங்கினார்.

“உன் ஸ்வெட்டர் போச்சிம்மா. நீ போனதுலேர்ந்து தெனம் அதப் போட்டுக்கினுதான் தூங்கறாரு. நாறிப்போய் வெந்நீர்ல போட்டுட்டாரு.”

“இந்த வெயில்லயா?” என்றாள் அவள். “வேற பின்றேன்னு சொல்லுங்கண்ணே. அவரு வந்தா போதும்.”

மானத்தை வாங்கிவிட்டாரே என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டிபன் கேரியரோடு வந்து நின்றார்.

“தனியா துன்னா ஏன் சோறு எறங்கலன்னு ரொம்ப நாளா பாக்கறேன், புடிபடல. ரெண்டு பேரா குந்திப் பாப்போமா?”

அவர் மனைவி இறந்து ஆறு வருடமாகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் விமானம் ஏறும்வரை தினமும் வந்தார்.

நாங்கள் ஊர் திரும்பியபோது அண்ணன் தன் மகனோடு இருக்க ஓசூருக்குப் போய்விட்டிருந்தார். சாப்பாட்டு நேரத்துக்குப் போன் செய்கிறேன். அவரும் அதிகம் பேசுவதில்லை, நாங்களும் பேசுவதில்லை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மூன்று பேரும் சாப்பிடுகிறோம்.