இரண்டு பக்கமும் வித்தவுட் பிரஜுடிஸ்

டேப் ரெக்கார்டரிலிருந்து டைப்பிஸ்டின் குரல் வந்துகொண்டிருந்தது.

"வித்தவுட் பிரஜுடிஸ், ஐ லைக் டீ. வித்தவுட் பிரஜுடிஸ், இட் மே ரெயின் டுடே."

அவர் கண்ணை மூடி ரசித்தார். மத்தியான வெயில் திரைச்சீலை வழியாக இறங்கி மேஜைமேல் அசைந்தது. தன் குரலில் மழையை ஆங்கிலத்தில் கேட்டதில் லேசாக ஒரு கிறக்கம். அந்தக் கிறக்கத்திலேயே இழுப்பறையை மூடப் போனவர், மூலையில் கிடந்த காலி கேசட் உறையைப் பார்த்தார். அதில் மனைவியின் கையெழுத்து: 'ரேடியோவில் நான் பாடியது.'

கிறக்கம் தெளிந்தது.

மாலை ஆங்கில வகுப்பு வாத்தியார் செய்த வேலை இது. அவரவர் வேலையில் அடிக்கடி வரும் ஒரு தொடரை எடுத்து, அதைச் சாதாரண வாக்கியங்களில் சரியாகப் பயன்படுத்தி, பேசிப் பதிவு செய்து வரச் சொன்னார். வக்கீல் ஆபீசில் பதினெட்டு வருஷமாகச் சமரசக் கடிதங்களின் தலையில் டைப்பிஸ்ட் அடித்துவந்தது இந்த 'வித்தவுட் பிரஜுடிஸ்'தான். இதில் நான் எதை ஒத்துக்கொண்டாலும் நாளைக்கு அதை எனக்கு எதிராக நீட்டக் கூடாது என்று அர்த்தம். உற்சாகமாகக் கையில் அகப்பட்ட கேசட்டை எடுத்து, இரண்டு பக்கமும் பேசித் தீர்த்துவிட்டார்.

மனைவி பத்தொன்பது வயதில் ஒரே ஒரு தடவை ரேடியோவில் பாடினாள். மூன்று நிமிஷம். அதைப் பதிவு செய்ய அவள் அப்பா வீட்டில் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த மாதமே கல்யாணம். கேசட் அவளோடு வந்தது. ஆனால் இருபது வருஷமாக யாரும் அதைப் போட்டதில்லை, மாமனாரின் கண்டிப்பான உத்தரவு. "பழைய நாடா. போட்டா அறுந்துடும்." நாடா புதிதாக இருந்த காலத்திலேயே அவர் அதைப் பழைய நாடா என்றுதான் சொன்னார்.

மாமனார் ரயில்வேயில் சிக்னல் நெம்புகோல் இழுத்தவர். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடக் கை தவறியதில்லை என்பார். அதை மறுத்துப் பேச அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. இப்போதும் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். தூங்குகிறாரா, ஆங்கிலம் கற்கிறாரா என்று தெரியவில்லை.

"என்னங்க," என்று மனைவி வந்தாள். டைப்பிஸ்ட் உறையை மடியில் மறைத்தார். "ஞாயித்துக்கிழமை அக்கா வர்றா. என் பாட்டைப் போடலாம்னு இருக்கேன்."

"அறுந்துடும்மா," என்றார் மாமனார், கண்ணைத் திறக்காமலே.

"மாமா சொன்னா சரியா இருக்கும்," என்றார் டைப்பிஸ்ட். கல்யாணமான நாளிலிருந்து அவர் மாமனாரை ஆதரித்தது இதுதான் முதல் தடவை.

"அறுந்தா அறுந்து போகட்டும். ஒரு தடவையாவது கேட்டுடறேனே. நான் எப்படிப் பாடினேன்னு எனக்கே தெரியாதுங்க."

அவள் முகத்தில் அப்படி ஒரு ஆசை.

சாயங்காலம் துணிந்துவிட்டார். "வித்தவுட் பிரஜுடிஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்படின்னா?"

விளக்கினார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்போ என்னவோ பண்ணிட்டீங்க. என்ன பண்ணீங்க?"

துணிச்சல் வந்த வழியே போயிற்று. "உன் குடையை... பஸ்ல விட்டுட்டேன்."

"பக்கத்து வீட்டுக்காரங்கதான் இரவல் வாங்கிட்டுத் திருப்பித் தரலைன்னு இத்தனை நாள் அவங்களோட பேசாம இருக்கேனே!"

சாப்பாட்டின்போது குடைப் பேச்சு மூன்று தடவை வந்தது. "அதை எனக்கு எதிரா எடுக்கக் கூடாது, சட்டம்," என்று முனகினார். நாலாவது தடவையும் வந்தது.

மறுநாள் வக்கீலிடம் முறையிட்டார். "சார், அந்த வாசகம் வீட்டுல வேலை செய்யலை."

"சண்டை நடந்துக்கிட்டிருந்துதா?"

"இல்லியே சார். ரொம்ப சுமுகமா இருந்தோம்."

"பதினெட்டு வருஷமா அடிக்கிறே, இதுகூடத் தெரியாதாய்யா? முதல்ல தகராறு ஒண்ணு இருக்கணும். அதைத் தீர்க்கறதுக்காகப் பேசணும். அப்பத்தான் அது செல்லும். சும்மா இருக்கறவங்ககிட்ட போய்ச் சொன்னா வெறும் வாக்குமூலம்தான்."

ஆக, ஒரு சண்டை வேண்டும். டைப்பிஸ்ட் வழியெல்லாம் சண்டைக்கு யோசித்தார். பாதி வழியில் மேகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். சண்டை போடுவதற்கு அமைந்த மனுஷன் இல்லை அவர்.

சனிக்கிழமை முதல் முயற்சி. "டீ ரொம்பச் சூடு."

"ஆத்தித் தரேன்," என்று ஆற்றிக் கொடுத்தாள்.

"இப்போ ஆறிப் போச்சு."

"சுட வெச்சுத் தரேன்." நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா?"

அவருக்கு அழுகையே வந்தது. இவளிடம் எப்படிச் சண்டை பிடிப்பது?

மத்தியானம் அவள் துணி மடித்தபடி, வழக்கம்போல, வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தாள். வீட்டில் வெயில் போல அதுவும் இருந்துகொண்டே இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. டைப்பிஸ்ட் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொல்லிவிட்டார்:

"பாடாதே. பாடம் படிக்க முடியலை."

பாட்டு நின்றது. சட்டை ஒன்று பாதி மடிப்பில் அவள் மடியில் கிடந்தது. ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்த ஃபேனுக்குச் சத்தம் உண்டு என்று அவருக்குத் தெரியாது.

"சரிங்க," என்றாள். "இனிமே பாடலை. நாளைக்குக் கேசட்டைப் போடறேன்ல, அப்பத் தெரியும் நான் பாடினா எப்படி இருக்கும்னு."

தகராறு கிடைத்துவிட்டது. கூடவே, கேசட்டின் மதிப்பு பத்து மடங்கு ஏறிவிட்டது. அன்றிரவு வரை வீட்டில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. மாமனார் இரண்டு தடவை மகளைத் திரும்பிப் பார்த்தார்.

ஞாயிறு காலை, அக்கா வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மனைவி கேசட்டை எடுத்தாள். டைப்பிஸ்ட் குறுக்கே போய் நின்றார்.

"வித்தவுட் பிரஜுடிஸ். அந்தக் கேசட்டுல நான் பாடத்தைப் பதிவு பண்ணிட்டேன். தெரியாம. ரெண்டு பக்கமும். நேத்து உன்னைப் பாடாதேன்னதும் இதுக்காகத்தான். நீ பாடாம இந்த வீட்டுல என்னால ஒரு நாள்கூட இருக்க முடியலை."

சட்டப்படி குறை சொல்ல இடமில்லாத வாக்குமூலம். அவள் கேசட்டைப் போட்டு அமுக்கினாள்.

"வித்தவுட் பிரஜுடிஸ், ஐ லைக் டீ..."

முதல் பக்கம் முழுக்கக் கேட்டாள். திருப்பிப் போட்டாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் தலையைச் சாய்த்து, ஒரு வரியாவது மிச்சம் இருக்குமா என்று தேடினாள். கடைசியில் பட்டன் தானாக மேலே துள்ளியது.

"மூணு நிமிஷம்தாங்க," என்றாள். குரல் உடைந்தது. "உலகத்துல என் பாட்டு அது ஒண்ணுதான் இருந்தது."

டைப்பிஸ்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது. மாமனார் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் டேப் ரெக்கார்டரைப் பார்த்துச் சொன்னார்:

"வித்தவுட் பிரஜுடிஸ்மா... அன்னிக்கு ரேடியோவுல உன் குரல் வந்ததும் அப்படியே கேட்டுக்கிட்டே இருந்துட்டேன், பட்டனை அமுக்கவே மறந்துட்டேன்மா."