தனேஸ்வரன் வந்தால் அலறும் கருவி

என் டுரியான் மரத்தை வெட்டியவர் அதிகாரி தனேஸ்வரன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மலேசியாவில், ஈப்போ நகரை அடுத்த சிம்பாங் பூலாய்க்கு உள்ளே, பழைய ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பில் இருக்கிறோம். மின்னல் தாக்கி ஒரு மாடு செத்தது. உடனே மக்கள் நலன் கருதி எங்கள் திடலில் மின்புல உணர்கருவி ஒன்று நிறுவப்பட்டது. வானத்தில் மின்சாரம் சேர்வதை அது முன்கூட்டியே உணர்ந்து சைரன் ஊதும். நாங்கள் மண்டபத்துக்குள் ஓட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இடி விழுந்து, மழை கொட்டி, நாங்கள் வீட்டுக்குப் போய்த் தலை துவட்டிய பிறகுதான் அது ஊதியது.

உணர்திறன் போதவில்லை என்று ஈப்போவிலிருந்து தனேஸ்வரனை அனுப்பினார்கள்.

"கட்டமைப்பை மாத்தணும் ஐயாவு அண்ணே," என்றார். "உள்ள இருக்கிற தகட்டை மெலிசாக்கி, ஓரத்தைச் சீப்புப் பல்லு மாதிரி வெட்டினா, துளி மின்சாரத்துக்கும் துடிக்கும். ஆனா பக்கத்துல உயரமா எதுவும் நிக்கக் கூடாது. உங்க மரம் வானத்தை மறைக்குது."

"கருவியத் தள்ளி வைக்கலாமே லா."

"அதுக்கு மேலிடத்து அனுமதி வேணும். மரத்துக்கு வேணாம்."

"காய் தொங்குதுய்யா."

"அதே உயரத்துல, காய்க்கிற மரமாவே தர்றோம் அண்ணே."

குடியிருப்புச் சங்கத் தலைவி கலாதேவி இதைக் காதால் கேட்டவள். காய் விழுவதற்குள் மரம் விழுந்தது.

மேம்படுத்திய கருவிக்குத் திறப்பு விழா. தனேஸ்வரன் பளபளக்கும் நைலான் பாத்திக் சட்டையில், குளுகுளு காரின் இருக்கையில் உரசி இறங்கி, சிவப்புக் கம்பளத்தில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். உரசலில் உடம்பில் ஏறிய துளி மின்சாரத்துக்கே கருவி அலறியது. நாங்கள் மண்டபத்துக்கு ஓடினோம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. திடலில் அவர் மட்டும் நின்றார். காருக்குள் திரும்பினார், சத்தம் நின்றது. இறங்கினார், மறுபடி அலறியது.

உயர்திரு அதிகாரி ஒருவரின் வருகையையே உணரும் அளவுக்குக் கருவி உயர்ந்துவிட்டதாக அறிக்கை போனது. அவருக்குப் பதவி உயர்ந்தது.

அதன்பின் எல்லா இலாகாக்காரர்களும் எங்கள் திடலுக்கு வர ஆசைப்பட்டார்கள். யாருக்கு அதிக நேரம் ஊதியது என்பதே அவர்களிடையே பேச்சு. பருத்திச் சட்டையில் வந்த ஒருவருக்கு அது வாயே திறக்கவில்லை. மனிதர் முகம் சுண்டிப் போய், மறுவாரம் நைலானில் வந்து சேர்ந்தார். அப்புறம் ஈப்போ அலுவலகங்களில் பருத்தியைக் கண்டாலே கேவலம்.

கலாதேவி எங்களுக்குப் புது விதி போட்டாள். "சைரன் ஊதினா மண்டபத்துக்கு ஓடாதீங்க. மாலையோட திடலுக்கு வாங்க. போன தடவ லேட்டாப் போனதுக்கு, அதிகாரி துவான் மூஞ்சியத் தூக்கிக்கிட்டாரு."

ஒரு மதியம் வானம் கறுத்தது. சைரன் ஊதியது, நிற்கவே இல்லை.

"இவ்ளோ நேரமா ஊதுதே," என்றாள் கலாதேவி. "மந்திரியாத்தான் இருக்கும்."

மொத்தக் குடியிருப்பும் மாலையும் குடையுமாக வெட்டவெளியில் கூடியது. மந்திரியிடமே மரத்தைக் கேட்டுவிடலாம் என்று நானும் நின்றேன்.

மின்னல்தான் வந்தது. கருவியின் கம்பத்தில் இறங்கியது. எல்லோரும் சேற்றில் குப்புறக் கிடந்தோம். உயிர்ச்சேதம் இல்லை. மாலைகள் கசங்கின.

மறுநாள் தனேஸ்வரன் வந்து கருகிய கம்பத்தைச் சுற்றிப் பார்த்தார். வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"பக்கத்துல உயரமா எதுவும் இல்லாததுதான் காரணம் அண்ணே. இங்க ஒரு மரம் இருந்திருக்கணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். கசங்காத ஒரே மாலையைக் கலாதேவி அவர் கழுத்தில் போட்டாள்.

"என் மரம்?" என்றேன்.

"நடுவிழா வச்சிருவோம். சைரன் ஊதினதும் திடலுக்கு வந்துருங்க."

கருவி கருகிவிட்டது, இனி ஊதாது. அது தெரிந்தும் ஊர் தினமும் காது கொடுத்துக் காத்திருக்கிறது. டுரியான் மரம் எனக்கு இன்னும் பாக்கி.