ராஜினாமா செய்யத் துடிக்கும் மைத்துனனுக்கு

அன்பும் பண்பும் அடக்கமும் ஒருங்கே அமைந்த என் மைத்துனனுக்கு, உன் அத்தான் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் சௌக்கியம். சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை என்பதால் எழுதியாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தண்ணீர் வாரியத்தில் நிரந்தர வேலையில் இருக்கும் நீ, அதை உதறிவிட்டு இங்கே வர ஆசைப்படுவதாகவும், ராஜினாமாவை எழுதித் தயாராக வைத்திருப்பதாகவும், “அத்தான் ஒரு வார்த்தை சொன்னா அன்னைக்கே கொடுத்துடுவேன்” என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வார்த்தை: வேண்டாம். இத்தோடு நிறுத்தினால், தான் மட்டும் அங்கே சுகமாக இருந்துகொண்டு நம்மை வரவிடாமல் தடுக்கிறார் என்று உன் மனைவி சொல்வாள். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் என்ன நினைத்துக்கொண்டு வந்து இறங்கினேன்? இங்கேயும் மாடு இருக்கிறது, நாய் இருக்கிறது, அவற்றுக்கும் காய்ச்சல் வரும், கால்நடை மருத்துவனுக்கு எங்கே போனாலும் பிழைப்பு உண்டு என்றுதான். இங்குள்ள அலுவலகத்தில் என் பட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உங்கள் நாட்டு மாடு வேறு, எங்கள் நாட்டு மாடு வேறு என்கிற மாதிரி ஏதோ சொல்லி, முதலிலிருந்து இந்த ஊர் பாஷையிலேயே பரீட்சை எழுதச் சொன்னார்கள். சரி, அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா என்று ஒரு நாய் ஆஸ்பத்திரியில் உதவியாள் வேலைக்குப் போய் நின்றேன். அங்கே இருந்த அம்மாள், மிருகங்களைக் கையாளத் தெரியுமா என்று கேட்டாள். மாப்ளே, நம் வீடுகளில் வளர்ந்தவன் இதற்கு என்ன பதில் சொல்வான்? தலையைக் குனிந்துகொண்டு, “ஏதோ கொஞ்சம் தெரியும்” என்றேன். நீ பக்கத்தில் நின்று பார்க்க, கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட பசுவுக்கு முழங்கை வரை கையை விட்டுப் பிரசவம் பார்த்தவன் நான். ஆனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நம் வாயாலேயே சொல்ல நாக்கு கூசாதா? அவள் “கொஞ்சம் தெரியும்” என்றே எழுதிக்கொண்டாள். எனக்கு அடுத்து உள்ளே போனவன் வேறொரு நாட்டுக்காரன், முடிவெட்டுகிறவன். வராந்தாவில் ஒரு நாய் கடந்து போனபோது இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டவன். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லாம் தெரியும் என்றான். வேலை அவனுக்குத்தான். இப்போது நன்றாகவே செய்கிறானாம், அதுதான் வயிற்றெரிச்சல்.

என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவனை உனக்கு நினைவிருக்கும். எங்கள் கல்யாணத்தன்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டுத் தூங்கினானே, அவனேதான். அவன் போனது வேறு நாடு. அங்கே மாட்டு டாக்டருக்கு ஆள் பஞ்சம். அதே கல்லூரி, அதே பட்டம், அதிலும் பாதிப் பட்டம் என் விடைத்தாளைப் பார்த்து வாங்கியது. போய் இறங்கிய கையோடு கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கும் அவனுக்கும் வித்தியாசம், ஏறிய விமானம் ஒன்றுதான்.

நான் இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறேன். இங்கே வேலைக்கு விளம்பரமெல்லாம் கிடையாது. துவைக்கிற மெஷின் பக்கம் முழுக்க ஒரே ஊர் ஆட்கள். ஒருவன் நின்றுவிட்டால் மறுநாளே அவனுடைய மச்சான் வந்து நிற்பான். காயவைக்கிற பக்கம் இன்னொரு நாட்டுக் கூட்டம். நமக்கென்று யாருமில்லை. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது உன் அக்கா. அங்கே இருந்தவரை வேலைக்கே போகாதவள், வந்த புதிதில் மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரியோடு கையைக் காலை ஆட்டிப் பேசிப் பழகி, அவளோடு மடிக்கிற மேசைக்குப் போனாள். நான் வீட்டில் உட்கார்ந்து இலக்கணப் புத்தகத்தை உருப்போட்டேன். அவள் மடித்துக்கொண்டே சண்டை போட்டு, சிரித்து, பாஷையைப் பிடித்துக்கொண்டாள். பரீட்சை என்னாச்சுன்னு கேப்பே. எழுத்துல பாஸ், பேச்சுல ஃபெயில். மறுபடியும் எழுதினேன், மறுபடியும் அப்படியேதான். இப்ப புத்தகத்தைத் தொறந்தாலே கண்ணு சொருகுது.

இப்ப உன் அக்காதான் எங்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர். போன வாரம் நான் மடிச்ச போர்வையை எல்லாரும் பார்க்கப் பிரிச்சு உதறி, “இதென்ன மடிப்பு, மறுபடி மடிங்க”ன்னு சொன்னா. “சரிங்க மேடம்”னு என் வாயில தானா வந்துடுச்சு. சுத்தி நின்னவங்க அவங்கவங்க பாஷையில சிரிச்சாங்க. அவ சிரிக்கலை. திரும்பி வர்றப்போ பஸ்ல ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தவ, “நான் உங்களுக்கு மேடமா?”ன்னு கேட்டா. எனக்கு அழுகை வந்துடுச்சு மாப்ளே, உன்கிட்ட மறைப்பானேன்.

ஆகையால் சொல்கிறேன், இருக்கிற இடத்திலேயே இரு. அங்கே குழாய் உடைந்தால் தெருவே உன் பெயரைச் சொல்லித் தேடி வருகிறது. இங்கே வந்தால் உன்னைத் தேட ஒரு ஜீவன் கிடையாது. அந்த ராஜினாமாவை இன்றைக்கே கிழித்துப் போடு.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். பெரியவளுக்கும் சின்னவளுக்கும் என் முத்தங்கள். படிப்பும் ஆரோக்கியமும் குறைவில்லாமல் நீங்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் நலம் ஒன்றையே நாடும்,
அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உன் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். “எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க, அனுப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள், பாவம், அவளுக்கு அசதி. மேலே உள்ளதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனாலும் மாப்ளே, மடிக்கிற மேசையில் ஓர் இடம் காலியாகப் போகிறது, உன் அக்கா சொன்னால் உனக்குக் கொடுப்பார்கள். நான் வைத்தியம் பார்த்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் உன் அக்காவை விட்டால் இந்த ஊரில் யாருமே இல்லை. உன் அக்கா ஒன்றையும் மறக்கவில்லை, அவளுக்கு அதைப் பேச நேரமில்லை, அவ்வளவுதான். போகப் போக அதெல்லாம் நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. ராஜினாமாவைக் கொடுத்துவிடு. உனக்கு இது நல்லதில்லை என்று எனக்குத் தெரியும். எனக்காக வா.