பெரிய கேமராவும் வராத மாப்பிள்ளையும்

போன மாசம் ஒரு கேமரா வாங்கப் போனேன். கடைக்குப் போயி, காசக் குடுத்து, ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கிட்டு வரணும். அவ்வளவுதான் வேலை.

நான் பஹ்ரைன்ல ஏசி டெக்னீஷியன். குதைபியாவுல ஒரு ரூம்ல இருக்கேன். ஊரு தூத்துக்குடி பக்கம், கடலோரம். போட்டோவுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் விசாவுக்கு எடுத்த போட்டோவோட முடிஞ்சு போச்சு.

அப்புறம் உனக்கு எதுக்குல கேமரான்னு கேப்பீங்க. எல்லாம் பயோடேட்டா பண்ணுன வேலை.

அம்மா எனக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சாவ. பயோடேட்டா ஒண்ணு அடிச்சு அனுப்புலன்னு போன்ல ஒரே நச்சரிப்பு. எனக்கு அதெல்லாம் வராது. ரூம்மேட் குமார்கிட்ட ஒப்படைச்சேன். குமார் பெரம்பலூர்க்காரன். எதைக் கேட்டாலும் ஒரு யோசனை தயாரா வெச்சிருப்பான். கேக்காட்டியும் வெச்சிருப்பான்.

"ஹாபி என்னடா போடட்டும்?"னான்.

"தூக்கம்"னேன்.

"அப்படிப் போட்டா பொண்ணு ஓடிரும்"னு சொல்லிட்டு, அவனா 'போட்டோகிராஃபி'ன்னு அடிச்சு அனுப்பிட்டான். அத்தோட நாங்க ரெண்டு பேருமே அதை மறந்துட்டோம்.

கொஞ்ச நாள் கழிச்சு ஜெனிட்டா அக்கா போன் பண்ணுனாவ. எங்க ஊர்தான். இங்க ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ்.

"சேவியரு, உனக்கு விடிஞ்சிருச்சுல. எங்க வார்டுல மெர்லின்னு ஒரு பிள்ளை. உங்க அம்மா அனுப்புன பயோடேட்டாவ அவ சித்தப்பாகிட்ட குடுத்தேன். பிள்ளைக்கு அந்தப் போட்டோகிராஃபி ரொம்பப் பிடிச்சுப் போச்சாம்."

நான் பதில் சொல்றதுக்குள்ள அக்காவே தொடர்ந்தாவ.

"வெள்ளிக்கிழமை என் மவனுக்கு ஞானஸ்நானம். அவளும் சித்தப்பாவும் வாராவ. நீயும் சும்மா விருந்துக்கு வந்த மாதிரி வா. அவிய உன்னைப் பாத்துக்கிடட்டும். பிடிக்காமப் போச்சுன்னா நாளைக்கு ஒருத்தருக்கும் சங்கடம் வரக்கூடாது, அதனால வெளிய மூச்சு விடாத. நான் சாடை காட்டுதேன், அப்ப வந்து அவிய மேசையில உக்காரு. ஆங், உன் கேமராவ மறக்காமக் கொண்டுட்டு வா."

உன் கேமரா. எந்தக் கேமரா?

இப்படித்தான் நானும் குமாரும் மனாமா சூக்குல ஒரு கேமராக் கடையில போயி நின்னோம். கடைக்காரர் மலையாளி. தமிழ் நல்லா பேசுவார். ரெண்டு கேமராவ எடுத்து மேசை மேல வெச்சார். ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு.

"சின்னது புதுசாப் பழகுறவங்களுக்கு" அப்படின்னார். "இந்த வட்டத்தப் பாருங்க. முகம் போட்டிருக்கு, பூ போட்டிருக்கு, ஓடுற ஆள் போட்டிருக்கு. எதை எடுக்கணுமோ அதுக்குத் திருப்புங்க, மிச்சத்த அதே பாத்துக்கும். ஃபிளாஷும் கூடவே வருது."

"அப்ப பெருசு?"

"அது வேலை தெரிஞ்சவங்களுக்கு. படம் கிடம் எதுவும் போட்டிருக்காது. ஃபிளாஷ் தனியா வாங்கணும். நான் சொன்னாக் கேளுங்க, சின்னத எடுத்துட்டு, மிச்சக் காசுல நல்ல லென்ஸ் ஒண்ணு எடுங்க."

விக்கிற மனுசனே வெலை கம்மியானத வாங்கச் சொல்றான். அங்கயே நான் உஷாராயிருக்கணும். சின்னதக் கையில எடுத்தேன். லேசா, நல்லாவே இருந்துச்சு. குமார் என் சட்டையப் பிடிச்சு ஓரமா இழுத்துட்டுப் போனான்.

"மாப்ள, உன் ஹாபி என்ன?"

"நீ சொன்னதுதான்."

"எவ்வளவு நாளா?"

"நீ சொன்னதுல இருந்து."

"தப்பு. பல வருசமா. பல வருசமா போட்டோ எடுக்குறவன் பூப் படம் போட்ட கேமராவா வெச்சிருப்பான்? பொண்ணு பாத்த உடனே கண்டுபிடிச்சிரும்டா."

நியாயமாத்தான் பட்டுச்சு. குமார் சொன்னா எல்லாமே அப்போதைக்கு நியாயமாத்தான் படும்.

பெருச வாங்கினேன். லீவுக்குன்னு சேத்து வெச்ச காசு அத்தனையும் போச்சு. கழுத்துல மாட்டிப் பாத்தா செங்கலக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்துச்சு. என் முகத்தப் பாத்த கடைக்காரர் மனசு கேக்காம ஒரு பட்டனத் திருப்பி 'P'ங்கிற எழுத்துல வெச்சுக் குடுத்தார். "இத இப்படியே விட்டுருங்க. வேற எதையும் தொட வேண்டாம்" அப்படின்னார்.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது குமார் ஒரு கறுப்புச் சட்டையக் குடுத்தான். தொப்பை தெரியாதாம். அதையும் போட்டுக்கிட்டேன்.

கறுப்புச் சட்டை. கழுத்துல அவ்வளவு பெரிய கேமரா. கேக்கிற உங்களுக்கே புரிஞ்சிருக்கும். எனக்குத்தான் புரியல.

சர்ச் வாசல்லயே ஜெனிட்டா அக்கா வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் ஓடி வந்து கையப் பிடிச்சிக்கிட்டார். "மக்கா, தெய்வமாப் பாத்து அனுப்பியிருக்கு. சொல்லி வெச்ச போட்டோகிராபருக்கு திடீர்னு டியூட்டி போட்டுட்டானுவ. வரமாட்டானாம். நீதான் எடுத்துக் குடுக்கணும்."

"அண்ணே, எனக்கு..."

"நீ ஹாபியாப் பண்ணுதியாம்லா, ஜெனிட்டா சொன்னா. யல்லா, சீக்கிரம் வா, ஃபாதர் ரெடி."

ஃபாதர் பிள்ளை தலையில தண்ணி ஊத்துறார். நான் கண்ண வெச்சு, பட்டன அமுக்குறேன். கேமரா உர் உர்னு என்னமோ தேடுது, கிளிக் ஆகவே மாட்டேங்குது. அது தேடி முடிக்கிறதுக்குள்ள தண்ணி ஊத்தி முடிஞ்சு, பிள்ளை தலையத் துடைச்சுக்கிட்டு இருக்காவ.

எனக்கு வேர்த்துருச்சு. வார்த்தை தானா வந்துருச்சு.

"ஃபாதர், இன்னொரு தடவை ஊத்துறீங்களா?"

சர்ச்சே திரும்பிப் பாத்துச்சு. ஃபாதர் பொறுமையான ஆளு. "ஞானஸ்நானம் ஒரு தடவைதான் தம்பி. வேணும்னா தண்ணி இல்லாம போஸ் தாரேன்" அப்படின்னார். வெறும் கையோட போஸ் குடுத்தார். அந்தப் போட்டோவுல ஃபாதர் சிரிக்கிறார், பிள்ளை அழுவுது, தண்ணி மட்டும் இல்ல.

சாப்பாடு பக்கத்துல ஒரு ஹோட்டல் மாடியில. உள்ள நுழைஞ்சதுமே நாலா பக்கமும் கூப்பிட ஆரம்பிச்சுட்டாவ.

"கேமராத் தம்பி, எங்க குடும்பத்த ஒண்ணு."

"போட்டோக்காரரே, பலூனோட சேத்து எடுங்க."

"தம்பி, இவ கண்ண மூடிட்டா. திருப்பி எடு."

ஜெனிட்டா அக்காவத் தேடுனேன். பிள்ளை கத்துன கத்துல அத எடுத்துக்கிட்டு உள் ரூமுக்குப் போனவிய வெளியவே வரல. சாடை காட்ட வேண்டிய ஆளே இல்ல. நான் யாரப் போயிப் பாக்கணும்னும் எனக்குத் தெரியல.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, விருந்துக்கு வந்த ஒரு ஆளு கையிலயும் டிஎஸ்எல்ஆர் இருந்துச்சு. நான் வேண்டாம்னு வெச்ச அதே சின்ன மாடல். அவர் மகள ரெண்டு போட்டோ எடுத்தார். கேமராவப் பையில போட்டார். மொத பந்தியில உக்காந்து பிரியாணியப் பிரிச்சு மேஞ்சார். அவர எல்லாரும் சார்ங்கிறாவ. என்னைய யாரும் சார்ங்கல.

அப்பத்தான் ஓரத்து மேசையில இருந்து ஒரு பெரியவர் கையத் தட்டிக் கூப்பிட்டார். "தம்பி, இங்க ஒண்ணு எடு."

போனேன். பக்கத்துல ஒரு பொண்ணு. இளநீலச் சுடிதார். ஒரு நாற்காலி காலியா கிடந்துச்சு. நான் கேமராவத் தூக்குனேன். பெரியவர் மெதுவாத்தான் பேசுனார், ஆனா நான் பக்கத்துல நிக்கிறேன்.

"என்ன மெர்லின், இந்த மாப்பிள்ளைப் பய இன்னும் வரலயே?"

இதுதான் பொண்ணு. இதுதான் சித்தப்பா. பொண்ணு எவ்வளவு அழகுன்னு நான் உங்களுக்குச் சொல்லப் போறதில்ல, மறுபடியும் வயிறு எரியும்.

சொல்லிரலாம்னு பாத்தேன். எப்படிச் சொல்ல? வெளிய மூச்சு விடாதன்னு அக்கா வேற உத்தரவு. போட்டோ எடுக்க வந்தவன் திடீர்னு நான்தான் மாப்பிள்ளைன்னா அடி விழுமா விழாதா? என் முகம் பாத்தாவது தெரியாதான்னு நெனச்சேன். தெரியாது. அம்மா அனுப்புன போட்டோ என் சொந்த அக்கா கல்யாணத்துல எடுத்தது. அதுல தலை நிறைய முடி. வேலை சைட்ல ஹெல்மெட் போட்டுப் போட்டு இப்ப அதுல பாதிகூட இல்ல.

பேசாம உக்காந்து பேச்சுக் குடுப்போம்னு அந்தக் காலி நாற்காலியில உக்காந்தேன்.

"தம்பி, எந்திரி எந்திரி" அப்படின்னார் சித்தப்பா. "அது ஒருத்தருக்குன்னு போட்டு வெச்சிருக்கு."

எந்திரிச்சேன். எனக்குப் போட்ட நாற்காலியில இருந்து எனக்காக எந்திரிச்ச ஒரே ஆளு நான்தான்.

அப்ப மெர்லின் என்னைப் பாத்துச் சிரிச்சுச்சு. "அண்ணா, அந்த ஜன்னல் பக்கத்துல என்னை மட்டும் ஒண்ணு எடுக்கிறீங்களா?"

அண்ணா!

ஜன்னல் கிட்ட போனோம். சித்தப்பா மேசையில. நானும் அதுவும் மட்டும். இதவிட நல்ல நேரம் வாய்க்குமா?

"எல்லா ஃபங்ஷனுக்கும் போவீங்களாண்ணா?"

"இல்ல, இது ஹாபிதான்."

"அப்படியா? இன்னைக்கு இங்க வர்றதா இருந்த ஒருத்தருக்கும் போட்டோகிராஃபிதான் ஹாபியாம். வரவே இல்ல" அப்படின்னுச்சு. குரல்ல லேசா ஒரு வருத்தம் இருந்த மாதிரி எனக்குப் பட்டுச்சு.

கதவு தானா தெறந்து உள்ள வான்னு கூப்பிடுது. 'அது நான்தாங்க'. ரெண்டே வார்த்தை. வாயத் தெறந்தேன்.

"தலைய லேசா சாய்ங்க" அப்படின்னு வந்துச்சு.

காலையில இருந்து அதையே சொல்லிச் சொல்லி வாய்க்கு வேற எதுவும் வரல. பொண்ணு தலையச் சாய்ச்சுச்சு. பதட்டத்துல கை எந்தப் பட்டன எப்படித் திருப்புச்சோ தெரியாது, கிளிக். பாத்தா நானே அசந்துட்டேன். பின்னாடி எல்லாம் மங்கிப் போயி, வெளிச்சம் ஒரு கன்னத்துல விழுந்து, அப்படி ஒரு போட்டோ. அது மாதிரி இன்னொண்ணு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வந்ததில்ல.

"போட்டோகிராபர் எங்கல? கேக் வெட்டணும்" அப்படின்னு அந்தோணி அண்ணன் கத்துனார். சித்தப்பா என் நம்பர வாங்கி, என் கண்ணு முன்னாலயே 'கேமராத் தம்பி'ன்னு சேவ் பண்ணுனார். நான் கேக்குக்கு ஓடுனேன். திரும்பி வந்தப்ப மேசை காலி.

போட்டோகிராபருக்குக் கடைசி பந்திதானாம். பிரியாணி மாஃபி, தீந்து போச்சு. குப்பூஸ் ரொட்டியும் கொஞ்சம் சால்னாவும் இருந்துச்சு. தின்னுக்கிட்டு இருக்கும்போது ஜெனிட்டா அக்கா வந்து நின்னாவ.

"எங்கல போய்த் தொலஞ்ச? மாப்பிள்ளை வராம அவமானப்படுத்திட்டான்னு அந்த மனுசன் முறுக்கிக்கிட்டுப் போயிட்டாரு."

"நான்தான்கா அவியளப் போட்டோ எடுத்தேன்."

அக்கா தலையில அடிச்சிக்கிட்டாவ. உடனே சித்தப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல விட்டாவ. மாப்பிள்ளை வந்திருந்தான்னு சத்தியம் பண்ணாத குறை. "வந்திருந்தான்னா ஒரு போட்டோவுலயாவது இருக்கணும்ல? காட்டு பாப்போம்" அப்படின்னார் சித்தப்பா.

இருந்த போட்டோ எல்லாத்தையும் தள்ளித் தள்ளிப் பாத்தோம். ஒண்ணுல கூட நான் இல்ல. நான்தான எடுத்தேன், எப்படி இருப்பேன்?

"அந்தக் கேமராக்காரப் பையன்தான் மாப்பிள்ளை அங்கிள்" அப்படின்னு அக்கா உடைச்சே சொல்லிட்டாவ.

"ஜெனிட்டா, அந்தத் தம்பிய இதுல இழுக்காத. வேர்க்க விறுவிறுக்க நின்னு ஒழைச்ச பையன். இந்தப் பொறுப்பத்த பயலக் காப்பாத்த நீ அவன் பேரக் கெடுக்காத" அப்படின்னு வெச்சுட்டார்.

மறுநாள் நானே போன் பண்ணுனேன். "அங்கிள், நான்தான் சேவியர்."

"அப்படியா தம்பி. நேத்து வராமப் போனவனுக்கும் இதே பேருதான். உங்க பக்கம் தடுக்கி விழுந்தா ஒரு சேவியருதான. சரி, அந்த ஜன்னல் போட்டோவ மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கி அனுப்பு" அப்படின்னார்.

வெளிச்சமாக்கி அனுப்புனேன்.

குமார்கிட்ட சொன்னேன். "சின்னதயே வாங்கியிருக்கலாம்டா. அத வெச்சிருந்தா விருந்தாளின்னு நெனச்சிருப்பாங்க" அப்படின்னான். அவன அடிக்கலாம்னு கேமராவத் தூக்குனேன். வெலை ஞாபகம் வந்து கீழ வெச்சுட்டேன்.

நேத்து டியூட்டியில இருக்கும்போது சித்தப்பா நம்பர்ல இருந்து போன். ஏணி மேல நிக்கேன், நெஞ்சு அடிச்ச அடியில ஸ்பேனரக் கீழ விட்டுட்டேன். மனசு மாறிட்டார்னே நெனச்சேன்.

"தம்பி, உனக்கு ஆயிரம் தடவை நன்றி சொல்லணும். நீ எடுத்த ஜன்னல் போட்டோவத்தான் கனடா மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினோம். அத ஒண்ணப் பாத்துட்டே சரின்னுட்டாவ. கைராசிக்காரன்பா நீ. கல்யாணத்துக்கும் நீயேதான் வந்து எடுக்கணும், மெர்லினே சொல்லிட்டா."

நான் ஏணியில இருந்து இறங்கி, ஆல்பம் எத்தனை பக்கம் வேணும்னு கேட்டேன்.